வெள்ளி உறையும் வெண்கல்

கோலாலம்பூர் நகரின் வடபுறத்தே, கிள்ளான் கேட்ஸ் அணைக்கட்டின் அருகே, வெண்மையும் சாம்பல் நிறமும் கலந்த பாறைத் தொடர் ஒன்று வானை நோக்கி நிமிர்ந்து நிற்பதை நம்மில் பலர் கண்டிருப்போம். புக்கிட் தாபோர் என நாம் அழைப்பது அத்தொடரின் ஒரு பகுதியே. 14 கிலோமீட்டருக்கும் மேலாக நீண்டு கிடக்கும் அத்தொடர், ஏறத்தாழ முழுவதும் ஒரே வகைக் கல்லால் ஆனது. அக்கல்லைக் குவார்ட்ஸ் என்பர். தமிழில் படிகக்கல் எனலாம். ஆற்றங்கரையில் கிடக்கும் வெள்ளைக் கூழாங்கல்லும், கடற்கரை மணலின் பெரும்பகுதியும் இப்படிகக்கல்லே. சிலிக்கனும் உயிர்வளியும் கூடிப் பிறந்த கனிமம் இது. கத்தியால் கீறினால் இதன்மேல் கீறல் விழாது. மாறாக, இது கண்ணாடியையே கீறிவிடும்.

இவ்வளவு எளிதாகக் கிடைக்கும் கல்லுக்கு என்ன பெருமை இருக்க முடியும் என நாம் எண்ணக்கூடும். ஆனால், உலகில் மாந்தர் தோண்டியெடுத்த வெள்ளியில் கணிசமான பங்கு இக்கல்லின் மடியிலேதான் உறங்கிக் கிடந்தது. மெக்சிகோ நாட்டின் குவானஹுவாத்தோ, சக்காத்தேக்காஸ், அமெரிக்க நாட்டின் கோம்ஸ்டாக் ஆகிய புகழ் பெற்ற வெள்ளிச் சுரங்கப் பகுதிகள் எல்லாம் படிகக்கல்லைத் தொடர்ந்து சென்றவையே. அங்ஙனமாயின், புக்கிட் தாபோரில் வெள்ளிச் சுரங்கம் ஒன்றும் எழவில்லையே, ஏன்? ஒரு வெண்கல்லில் வெள்ளி இருப்பதும் மற்றொன்றில் இல்லாதிருப்பதும் எதனால்? இவ்வினாவிற்கு விடை காண, கோம்ஸ்டாக் மலையை நாம் சான்றாகக் கொள்வோம். வெள்ளி எங்ஙனம் கல்லுக்குள் வருகிறது என்பதையும், அதைத் தேடிச் சென்றோர் எங்கெங்கே ஏமாந்தனர் என்பதையும் ஒருங்கே காட்டும் இடம் அது.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பாறையின் பிளவை வேறொரு கனிமம் நிரப்பிக் கிடந்தால் அதனை 'நரம்பு' என்பது வழக்கம். இச்சொல் நம்மை ஏமாற்றிவிடலாகாது. உடலில் ஓடும் நரம்பு நூல் போன்றது. பாறையில் கிடக்கும் நரம்போ பலகை போன்றது. மலைக்குள் சாய்வாகச் செருகிவைத்த பெரும் பலகையொன்றை மனத்தில் எண்ணிப் பாருங்கள். அதன் மேல்விளிம்பு மட்டுமே நிலத்தின்மேல் வெண்ணிறக் கோடாக நம் கண்ணுக்குத் தெரியும். பலகை எப்பக்கம் சாய்ந்துள்ளது, எவ்வளவு ஆழம் செல்கிறது, இடையில் அறுபடுகிறதா என்பவை எல்லாம் மண்ணுக்குள் மறைந்தே இருக்கும்.

அமெரிக்காவின் மேற்கே நெவாடா மாநிலத்தில் டேவிட்சன் மலை என்று ஒரு மலை உண்டு. அதன் கிழக்குச் சரிவில், 1859ஆம் ஆண்டு ஜூன் திங்களில், பீட்டர் ஓரைலி, பேட்ரிக் மெக்லாக்லின் என்னும் இருவர் மண்ணைக் கழுவித் தங்கத்தூள் தேடிக்கொண்டிருந்தனர். கழுவுவதற்கு நீர் போதவில்லை. ஊற்று ஒன்றை அகலப்படுத்தக் குழி தோண்டினர். அக்குழியிலேயே தங்கம் மின்னியது! அவ்வழியே வந்த ஹென்றி கோம்ஸ்டாக் என்பவர், இந்நிலம் தமக்கே உரியது என வாதாடித் தாமும் பங்கு பெற்றுக்கொண்டார். கண்டெடுத்தவர் இருவரின் பெயரும் மறைய, வாதாடியவர் பெயரே அவ்விடத்திற்கு நிலைத்துவிட்டது. உலகில் இப்படியும் நடப்பதுண்டு.

தங்கம் கிடைத்த அவர்களுக்கு ஒரு தொல்லையும் கூடவே வந்தது. நீலமும் கருமையும் கலந்த கனத்த மணல் அவர்களுடைய கழுவும் கருவிகளை அடைத்துக்கொண்டது. அதனைச் சபித்துக்கொண்டே அள்ளி அள்ளி அப்பால் எறிந்தனர். சில வாரங்களுக்குப் பின், அந்நீலக் கல்லில் சிறிதளவை மலை கடந்து கலிபோர்னியாவிற்கு எடுத்துச் சென்று சோதித்தனர். ஒரு டன் கல்லில் ஏறத்தாழ 3,000 டாலர் மதிப்புள்ள வெள்ளியும், 900 டாலருக்குச் சற்றுக் குறைந்த மதிப்புள்ள தங்கமும் இருப்பதாகச் சோதனை கூறிற்று. அக்கால விலைப்படி கணக்கிட்டால், ஒரு டன்னில் ஏறத்தாழ 70 கிலோகிராம் வெள்ளி! தங்கத்தைத் தேடியவர் எறிந்தது வெள்ளித் தாதுவை.

ஏன் அவர்கள் அறிந்திலர்? வெள்ளி என்றால் வெண்மையாக மின்னும் என்றே நாம் அனைவரும் எண்ணுகிறோம். பாறைக்குள் இருக்கும் வெள்ளி பெரும்பாலும் தனித்து இராது. கந்தகத்தோடு கூடி, கரிய நிறத்துடன், மங்கலாகக் கிடக்கும். வீட்டிலுள்ள வெள்ளிக் குத்துவிளக்கு துடைக்காமல் விட்டால் கறுத்துப்போகிறதல்லவா? அக்கருமையும் வெள்ளியும் கந்தகமும் சேர்ந்ததுதான். வெண்ணிறப் படிகக்கல்லின் இடையே கரும்புகை படிந்தாற்போலக் காணப்படும் கோடுகளே வெள்ளி உறையும் இடங்கள்.

இதனை அறிந்தோர் இருவர் அங்கே முன்னரே இருந்தனர் என்பது வருந்தத்தக்க செய்தி. ஈதன் கிரோஷ், ஹோசியா கிரோஷ் என்னும் உடன்பிறந்தார், அப்பகுதியில் வெள்ளி நரம்புகள் இருப்பதைத் தம் தந்தைக்குக் கடிதங்களில் எழுதிவந்தனர். 1857ஆம் ஆண்டில் ஹோசியாவின் காலில் மண்வெட்டுங் கருவி பட்டுப் புண்ணாகி, அதனாலேயே அவர் இறந்தார். அவ்வாண்டின் இறுதியில் ஈதன் பனி மலையைக் கடக்க முயன்று, குளிரால் உறுப்புகள் கெட்டு மாண்டார். இரண்டு ஆண்டுகள் கழித்தே உலகம் அவ்வெள்ளியை அறிந்தது.

இனி, அவ்வெள்ளி அங்கே வந்த வரலாற்றைக் காண்போம். அது 1859இல் தொடங்குவதன்று. ஏறத்தாழ 140 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டது.

அந்நாளில் அம்மலைப்பகுதி எரிமலைகள் நிறைந்ததாய் இருந்தது. எரிமலைக் குழம்பு இறுகி உண்டான அண்டிசைட்டு என்னும் பாறை எங்கும் பரந்திருந்தது. நிலம் கிழக்கு மேற்காக இழுபட்டபோது அப்பாறையில் பெரும் பிளவு ஒன்று தோன்றிற்று. பிளவின் கிழக்குப் பக்கப் பாறை சறுக்கிக் கீழிறங்கிற்று. பிளவு ஒரே நேர்த்தளமாக இல்லாமல் வளைந்து நெளிந்து இருந்தமையால், ஒரு பக்கம் சறுக்கியதும் சில இடங்களில் இரு பக்கமும் நெருங்கி இறுகின. வேறு சில இடங்களிலோ விலகி இடைவெளி உண்டாயிற்று. இரு உள்ளங்கைகளையும் சற்றே குழித்துச் சேர்த்துவைத்து, ஒன்றை மட்டும் கீழ்நோக்கி நகர்த்திப் பாருங்கள். இது எளிதில் விளங்கும்.

அவ்விடைவெளிகளின் வழியே ஆழத்திலிருந்து வெந்நீர் ஏறிற்று. மழைநீரே நிலத்துக்குள் இறங்கி, அடியிலிருந்த அனலால் சூடேறி மீண்டும் மேலெழுந்தது எனக் கொள்ளலாம். 200 முதல் 300 பாகை செல்சியசு வரை வெம்மை கொண்ட நீர் அது. நூறு பாகையில் நீர் ஆவியாகிவிடுமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஆழத்தில் மேலிருக்கும் நீரின் அழுத்தம் அதனைக் கொதிக்கவிடாமல் அடக்கி வைத்திருக்கும். அத்தகைய நீர் தான் கடந்துவரும் பாறையிலிருந்து சிலிக்காவைக் கரைத்துக்கொள்ளும். வெள்ளியையும் தங்கத்தையும் மிக மிகச் சிறிதளவு கரைத்துக்கொள்ளும். அந்நீரில் வெள்ளி தனியே மிதந்து வருவதில்லை. கந்தகத்தோடோ உப்பிலுள்ள குளோரினோடோ கைகோத்துக்கொண்டே வரும்.

மேலே ஏற ஏற அழுத்தம் குறையும். ஓரிடத்தில் நீர் திடுமெனக் கொதிக்கத் தொடங்கும். சோடாப் புட்டியின் மூடியைத் திறந்ததும் வளி நுரைத்துக்கொண்டு வெளியேறுவதைப் பார்த்திருக்கிறோம். அங்கும் அதுவே நிகழும். கந்தகம் கலந்த வளி நீரைவிட்டு ஓடிவிட, அதனோடு கைகோத்து வந்த வெள்ளியும் தங்கமும் துணையிழந்து நீரில் நிற்கமாட்டாமல் பிளவின் சுவரில் படியும். நீர் குளிர்வதால் சிலிக்காவும் உடன்படிந்து படிகக்கல்லாகும். பிளவு அடைபட்டுப் போகும். பின்னர் நிலம் அசையும்போது மீண்டும் பிளக்கும். மீண்டும் வெந்நீர் ஏறும். இங்ஙனம் பன்முறை நிகழ்ந்தமையால் இத்தகைய நரம்புக் கல்லை அறுத்துப் பார்த்தால் நம் குவே லாப்பிஸ் பலகாரம்போல அடுக்கடுக்கான கோடுகள் காணப்படும். வெள்ளை, சாம்பல், கருமை என ஒவ்வோர் அடுக்கும் வெந்நீர் வந்துபோன ஒவ்வொரு முறையின் தடம்.

ஆகவே, வெள்ளி ஒரு கல்லில் இருக்க வேண்டுமாயின், நீர் அதனைச் சுமந்து வந்திருக்க வேண்டும். சுமந்து வந்ததை ஓரிடத்தில் இறக்கியும் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் கல் வெறுங்கல்லாகவே நின்றுவிடும். பெரும்பாலான வெண்கற்கள் அவ்வாறு நின்றவையே. கல் எவ்வளவு பெரிதாக இருப்பினும் அதனால் பயனில்லை.

இவையெல்லாம் வெறும் ஊகமோ என ஐயுறுவோர்க்குக் கோம்ஸ்டாக் பகுதியின் அருகிலேயே சான்று உண்டு. அங்கிருந்து வடமேற்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் ஸ்டீம்போட் வெந்நீரூற்றுகள் இருக்கின்றன. அங்கு ஊற்றுநீர் படியவிட்ட சிலிக்காப் படிவை அறிஞர்கள் ஆராய்ந்தபோது, அதில் வெள்ளி, தங்கம், பாதரசம் ஆகியவை நுண்ணளவில் கலந்திருக்கக் கண்டனர். பழைய நரம்பு எப்படி உருவாயிற்று என்பதைப் பக்கத்திலேயே புதிய ஊற்று காட்டிற்று.

வெந்நீர் பிளவைமட்டும் நிரப்பிவிட்டுப் போவதில்லை. இருபக்கப் பாறையையும் வேகவைத்து மாற்றிவிடும். கருஞ்சாம்பல் நிறப் பாறை பசுமை படர்ந்து மென்மையாகும். கோம்ஸ்டாக்கில் இத்தகைய பச்சைப் பாறையைக் கண்ட செருமானிய அறிஞர் பெர்டினான்ட் வான் ரிக்தோபன், அதனைத் தனிவகைப் பாறை என்றே கருதி 'புரோபிலைட்டு' எனப் பெயர் சூட்டினார். 'பட்டுப் பாதை' என்னும் பெயரைப் பிற்காலத்தில் பரப்பியவரும் இவரே. அது தனிவகைப் பாறையன்று, வெந்நீரால் மாறிய பாறையே எனப் பின்னர் தெளிவாயிற்று. எனினும் அவர் சூட்டிய பெயர் இன்றும் இவ்வகை மாற்றத்திற்கு வழங்குகிறது. வெள்ளி தேடுவோர் ஒரு மலையில் பச்சை படர்ந்த பாறையைக் கண்டால், வெந்நீர் ஓடிய இடம் அருகில் இருக்கலாம் என உணர்ந்துகொள்வர்.

கோம்ஸ்டாக் நரம்பு மலைச்சரிவில் சில கிலோமீட்டர் நீளம் செல்கிறது. அதன் எல்லா இடத்திலும் வெள்ளி இருந்ததா? இல்லை. பிளவு அகன்ற இடங்களில், அங்குமிங்குமாகச் சில பெருந்திரட்சிகளே இருந்தன. அவற்றைப் 'பொனான்சா' என அழைத்தனர். நல்வாய்ப்பைக் குறிக்கும் ஸ்பானியச் சொல் அது. ஒரு திரட்சிக்கும் மற்றொன்றுக்கும் இடையே நூற்றுக்கணக்கான அடி வெறுங்கல்லாக இருந்தது. அடுத்தடுத்த நிலங்களை வாங்கிய இருவரில் ஒருவர் செல்வராகவும் மற்றவர் கடனாளியாகவும் ஆனது இதனாலேதான். 'கன்சாலிடேட்டட் விர்ஜினியா' என்ற சுரங்கத்தில் முன்பிருந்தோர் பெரும்பணம் செலவிட்டும் பயன் காணவில்லை. 1873ஆம் ஆண்டில் ஜான் மெக்கேயும் அவர்தம் கூட்டாளிகள் மூவரும், 1,100 அடிக்கும் கீழே மெல்லிய இழையொன்றைத் தொடர்ந்து சென்று, அந்நரம்பின் மிகப் பெரிய திரட்சியைக் கண்டனர். இடம் அதே இடம். தேடிய ஆழம் வேறு.

நரம்பின் சாய்வும் பலரை ஏமாற்றிற்று. மேற்பரப்பின் அருகே அது மேற்குப் பக்கமாக, மலையை நோக்கிச் சாய்ந்திருந்தது. ஆழம் சென்றதும் திரும்பிக் கிழக்கு நோக்கிச் சாய்ந்தது! மேலே பக்கக் கிளைகளையே கண்டவர்கள், கீழே சென்றபின்தான் தாய்ப் பிளவின் உண்மையான போக்கை அறிந்தனர். இதனால் வழக்குகள் எழுந்தன. நரம்பின் மேல்விளிம்புக்கு உரியவர், அது பிறர் நிலத்தின் அடியில் சென்றாலும் தொடர்ந்து தோண்டலாம் என்பது அங்கு வழங்கிய விதி. அப்படியானால், டேவிட்சன் மலைச்சரிவில் கிடப்பது ஒரே நரம்பா, பல நரம்புகளா? ஒன்றே எனில் முதலில் வந்தவர்க்கே எல்லாம் உரியது; பல எனில் பின்னர் வந்தவர்க்கும் பங்கு உண்டு. பாறையியல் வினா நீதிமன்றம் ஏறிற்று. இரு தரப்பினரும் அறிஞர்களைச் சாட்சிகளாக நிறுத்தினர். 1860களில் இவ்வழக்குகளுக்குச் செலவான பணத்துக்கு அளவில்லை. முடிவில், ஒரே நரம்பு என்னும் கருத்தே வென்றது.

தாது கிடைத்த இடம் பாதுகாப்பானதாகவும் இல்லை. 'ஓஃபிர்' சுரங்கத்தில் நரம்பு 50 அடிக்கும் மேலாக அகன்றிருந்தது. கல்லோ கைபட்டால் உதிர்ந்தது. வழக்கமான மரத்தூண்கள் அவ்வகலத்திற்குப் போதவில்லை. 1860ஆம் ஆண்டில் பிலிப் டைடஸ்ஹைமர் என்னும் பொறியியலாளர், மரச்சட்டங்களைக் கனசதுரப் பெட்டிகள்போலப் பொருத்தி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் முறையை வகுத்தார். தேனடையின் அறைகள்போல அது எத்திசையிலும் வளர்ந்துகொண்டே போகலாம். எத்தனை உயிர்களை அது காத்ததோ! அதற்காகவே டாகோ ஏரிக்கரைக் காடுகள் வெட்டப்பட்டன என்பதையும் நாம் மறைத்தல் ஆகாது.

எல்லாவற்றினும் பெரிய வினா ஆழத்தைப் பற்றியது. நரம்பு எவ்வளவு ஆழம் செல்லும்? இது ஆழ்ந்த பிளவைச் சார்ந்தது, ஆதலின் தாதும் ஆழத்தில் தொடரும் என ரிக்தோபன் 1860களில் எழுதினார். அந்நம்பிக்கையோடு அடால்ப் சுட்ரோ என்பவர், சுரங்க நீரை வெளியேற்ற மலையின் அடியிலிருந்து ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நீளமுள்ள குகைவழியை 1869இல் வெட்டத் தொடங்கினார். ஆழம் செல்லச் செல்ல வெம்மை தாங்கவில்லை. சில சுரங்கங்களில் ஊறிய நீர் 77 பாகை செல்சியசு வரை சூடாக இருந்தது. தொழிலாளர்கள் சிறிது நேரம் வெட்டுவதும், பனிக்கட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு இளைப்பாறுவதுமாக உழைத்தனர். 1878ஆம் ஆண்டில் குகைவழி சுரங்கத்தை எட்டியது. அதற்குள் பெருந்திரட்சிகள் தீர்ந்துகொண்டிருந்தன! 3,000 அடிக்கும் கீழே தோண்டியும் பயனில்லை. வளமான தாது பெரும்பாலும் 2,000 அடி ஆழத்திற்குள்ளேயே அடங்கிவிட்டது.

காரணம் நமக்கு இப்போது விளங்கும். பிளவு ஆழமாகச் செல்வது உண்மையே. ஆனால், வெள்ளி படிவது நீர் கொதித்த உயரத்தில். அதற்குக் கீழே பிளவும் உண்டு, படிகக்கல்லும் உண்டு. வெள்ளி மட்டும் இராது. இவ்வுண்மை அன்றே தெரிந்திருப்பின் எத்தனையோ பேருடைய பொருளும் உழைப்பும் வீணாகியிரா.

முதல் 20 ஆண்டுகளில் கோம்ஸ்டாக் தந்த வெள்ளியும் தங்கமும் 30 கோடி டாலரைத் தாண்டின. அது விட்டுச்சென்ற கேடும் ஒன்று உண்டு. பொடித்த தாதுவிலிருந்து வெள்ளியைப் பிரிக்கப் பாதரசத்தைப் பயன்படுத்தினர். அதில் ஆயிரக்கணக்கான டன் கார்சன் ஆற்றுப் படுகையில் கலந்துவிட்டது. 1990ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு அவ்வாற்றுப் பகுதியைத் தூய்மைக்கேடு மிகுந்த இடங்களின் பட்டியலில் சேர்த்தது.

இக்காலத்தில் ஒரு வெண்கல் நரம்பைக் கண்டால் எவரும் உடனே சுரங்கம் வெட்டுவதில்லை. கனிமம் இருக்கக்கூடும் எனக் கருதப்படும் அவ்விடம் முதலில் ஓர் ஆய்விடம் மட்டுமே. ஓடையில் கிடக்கும் உடைந்த படிகக்கற்களைத் தொடர்ந்து மேலேறி, அவை எங்கிருந்து உருண்டு வந்தன எனப் பாறையியலார் தேடுவர். நரம்பு தென்பட்டதும் அதன் திசையையும் சாய்வையும் அளந்து படத்தில் வரைவர். பக்கப் பாறை பசுமையாக மாறியுள்ளதா, கல்லில் அடுக்குக் கோடுகள் உண்டா என நோக்குவர். சில படிகக்கற்கள் மெல்லிய தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கியதுபோல இருக்கும். கொதித்த நீரில் முதலில் படிந்த கால்சைட்டுத் தகடுகள் பின்னர் படிகக்கல்லாக மாறியதன் அடையாளம் அது; காண்பவர்க்கு நெஞ்சம் துள்ளும்.

பின்னர், கல் மாதிரி எடுப்பர். கருங்கோடு நிறைந்த அழகிய துண்டுகளை மட்டும் பொறுக்கினால் ஒவ்வொரு மலையும் வெள்ளி மலையாகவே தோன்றும். ஆகவே, நரம்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை, நல்லதும் அல்லதும் சேர ஒரே அளவில் வெட்டியெடுப்பர். ஒரு டன்னுக்கு 300 கிராம் வெள்ளி என்று ஆய்வுக்கூடம் கூறினால் அது நல்ல செய்தி. அஃதாவது 10,000 பங்கில் 3 பங்கு. ஒரு டன் கல்லை முழுதும் பொடித்து உருக்கினாலும் இரண்டு மேசைக்கரண்டிக்குச் சற்றுக் குறைவான வெள்ளியே கிட்டும்!

அடுத்து, மண்ணுக்குள் துளையிட்டு உருளை வடிவக் கல்லை வெளியே எடுப்பர். இங்கும் விழிப்பு வேண்டும். 45 பாகை சாய்ந்த நரம்பை நேர்க்குத்தாகத் துளைத்தால், 4 மீட்டர் நீளத்திற்குப் படிகக்கல் வரும். ஆனால் நரம்பின் உண்மைத் தடிப்பு 2.8 மீட்டர்தான். ஒரு துளையில் வெள்ளி கிடைத்தால் இன்னும் பல துளைகள் இடுவர். பெரும்பாலான ஆய்விடங்கள் இந்நிலையிலேயே கைவிடப்படுகின்றன. வெளியெடுத்த உருளைக் கல்லை நெடுக்கில் இரண்டாக அறுத்து, ஒரு பாதியை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்புவர். மறுபாதியை, எடுத்த ஆழத்தைக் குறித்து, பெட்டியில் அடுக்கி வைப்பர். பல ஆண்டுகள் கழித்து வேறொருவர் வந்து, அப்பெட்டியைத் திறந்து, முன்னவர் கவனியாத கருங்கோடு ஏதேனும் உண்டா என மீண்டும் பார்ப்பதும் உண்டு.